இரண்டாவது கேள்வியைக் கேட்காதீர்கள்: வடகிழக்கு மாநிலத்தவரோடு பழகுவோருக்கு ஒரு வழிகாட்டி

சென்னை உணவகம் ஒன்றில் பக்கத்து மேசையில் நடந்த உரையாடல் இது. தண்ணீர் ஊற்ற வந்த இளைஞரைப் பார்த்து, குடும்பத்தோடு சாப்பிட வந்திருந்த பெரியவர் ஒருவர், "தம்பிக்கு எந்த ஊரு?" என்று கேட்டார். "மணிப்பூர்ங்க" என்று அந்த இளைஞர் தமிழிலேயே பதில் சொன்னார். பெரியவர் விடவில்லை. "அது சரிப்பா, சொந்த ஊர் எது? நேபாளமா, சைனாவா?" இளைஞர் சிரித்தபடியே "இந்தியாதான் சார்" என்று சொல்லிவிட்டு, கடைசி டம்ளர் பாதி நிறைந்திருக்கும்போதே கூஜாவை நிமிர்த்திக்கொண்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார். பெரியவர் கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை. அவர் குரலில் பரிவுகூட இருந்தது. ஆனாலும் அந்தச் சிரிப்பு, ஒரே நாளில் பலமுறை சிரித்துப் பழகிய சிரிப்பு என்பது பார்த்த எனக்குப் புரிந்தது.

"எந்த ஊர்?" என்ற முதல் கேள்வியில் தவறு ஏதும் இல்லை. பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம் நாம் முதலில் கேட்பதே அதுதான். அது நம் மண்ணின் பழக்கம், அதை விட வேண்டியதும் இல்லை. புண்படுத்துவது இரண்டாவது கேள்வி. ஒருவர் தம் ஊரைச் சொன்ன பிறகும் "அதில்லை, உண்மையில் எந்த ஊர்?" என்று கேட்பதன் பொருள், "நீ சொல்வதை உன் முகம் மறுக்கிறது" என்பதுதான். வேற்றுமையைப் பற்றிப் பேசுவதே நாகரிகக் குறைவு என்று நினைத்து வாயை மூடிக்கொள்ளச் சொல்வது இந்தக் கட்டுரையின் நோக்கம் அன்று. பொத்தாம்பொதுவாகப் பேசுவதை விட்டுவிட்டுக் குறிப்பாகப் பேசக் கற்றுக்கொண்டால், பேச்சில் உள்ள முள் பெரும்பாலும் தானே உதிர்ந்துவிடும் என்பதைப் பல ஆண்டுகள் கல்லூரி வகுப்பறையில் நின்று, நானும் தவறு செய்து, கற்றுக்கொண்டிருக்கிறேன். வடகிழக்கு மாநிலங்களிலிருந்து வந்து நம் ஊர்களில் படிப்பவர்களோடும் வேலை செய்பவர்களோடும் பழகும் தமிழ்க் குடும்பங்களுக்கும் பணியிடங்களுக்கும் பயன்படட்டும் என்று இதை எழுதுகிறேன்.

ஊரைத் தெரிந்துகொள்வது

பதில் வந்ததும் அடுத்து என்ன கேட்பது என்று தெரியாததால்தான் பலரும் இரண்டாவது கேள்விக்குப் போகிறார்கள். ஆகவே முதலில் செய்ய வேண்டியது, வரைபடத்தை ஒருமுறை விரித்துப் பார்ப்பது. அசாம், அருணாசலப் பிரதேசம், நாகாலாந்து, மணிப்பூர், மிசோரம், திரிபுரா, மேகாலயா, சிக்கிம் என்று 8 மாநிலங்கள் உள்ளன. நாட்டின் மற்ற பகுதிகளோடு அவற்றை இணைக்கும் நிலத்துண்டு, சிலிகுரிக்கு அருகே ஏறத்தாழ 22 கி.மீ. அகலத்துக்குக் குறுகிவிடுகிறது. "வடகிழக்கு" என்பது ஒரு திசையின் பெயரே தவிர, ஓர் இனத்தின் பெயர் அன்று. அசாமிய மொழி, இந்தியும் வங்கமும் சேர்ந்த குடும்பத்தைச் சேர்ந்தது. மணிப்பூரின் மெய்தெய் மொழி திபெத்திய-பர்மியக் குடும்பத்தைச் சேர்ந்தது. மேகாலயாவின் காசி மொழிக்கோ கம்போடியாவின் கெமர் மொழியோடு உறவு உண்டு. மெய்தெய் மக்களில் பெரும்பாலோர் வைணவர்கள். நாகாலாந்திலும் மிசோரத்திலும் பெரும்பாலோர் கிறித்தவர்கள். அருணாசலத்தின் தவாங் பகுதியில் பௌத்தர்கள். இத்தனை பேரையும் "அந்த மாதிரி முகம் உள்ளவர்கள்" என்று ஒரே கூடையில் போடுவது, மதுரைக்காரரையும் மங்களூர்க்காரரையும் விசாகப்பட்டினத்துக்காரரையும் "மதராசி" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவதற்கு எந்த வகையிலும் குறைந்தது அன்று. தில்லியில் படித்த மூன்று ஆண்டுகளில் அந்தச் சொல்லை நான் நிறையக் கேட்டிருக்கிறேன். திருத்தினால், "எல்லாம் ஒண்ணுதானே" என்று பதில் வரும். தன் ஊரின் பெயரைச் சொல்லியும் அது செல்லாக் காசாகத் திரும்பி வருவது எப்படி இருக்கும் என்பது அப்போது தெரிந்தது.

எனவே, ஒருவர் "மணிப்பூர்" என்று சொன்னால், அதை அப்படியே ஏற்றுக்கொண்டு உள்ளே போங்கள். தலைநகர் இம்பாலா, மலைப்பகுதியா என்று கேட்கலாம். வீட்டில் என்ன மொழி பேசுவீர்கள் என்று கேட்கலாம். ஊருக்குப் போக எத்தனை நாள் ஆகிறது, கடைசியாக எப்போது போனீர்கள் என்று கேட்கலாம். ஒரு திருநெல்வேலிக்காரரைக் கோயம்புத்தூரில் சந்தித்தால் இவற்றைத்தானே கேட்போம்? கேள்வி முகத்தை விட்டு ஊருக்குள் நுழைந்துவிட்டால், பதில் சொல்பவரின் குரல் மாறுவதை நீங்களே கேட்கலாம். மாறாக, "இந்தியாவுக்கு எப்போது வந்தீர்கள்?" என்ற கேள்வியை விளையாட்டாகக்கூடக் கேட்க வேண்டாம்.

தமிழருக்கும் மணிப்பூருக்கும் ஓர் உண்மையான உறவு உண்டு. அதைப் பலரும் அறிவதில்லை. பர்மாவில் 1962இல் இராணுவ ஆட்சி வந்து கடைகளும் தொழில்களும் அரசுடைமையானபோது, பல தலைமுறைகளாக அங்கே வாழ்ந்த தமிழர்கள் வெறுங்கையோடு கப்பலேறினார்கள். தமிழ்நாட்டு முகாம்களில் ஒட்ட முடியாத சிலர், தரைவழியாகவே பர்மாவுக்குத் திரும்பிவிடலாம் என்று மணிப்பூர் வரை போய், எல்லையில் அனுமதி கிடைக்காமல், மோரே என்ற சிற்றூரிலேயே தங்கிவிட்டார்கள். அங்கே அங்காள பரமேஸ்வரிக்குக் கோயில் கட்டினார்கள். தமிழ்ச் சங்கம் வைத்தார்கள். மெய்தெய் மொழியும் பர்மிய மொழியும் பேசி வணிகம் செய்தார்கள். அந்த ஊர்ச் சந்தையில் முகத்தால் வேறுபட்டு நின்றவர்கள் நம்மவர்களே. மணிப்பூர் என்ற பெயரைக் கேட்டதும் சொல்ல ஏதுமில்லையே என்று தயங்குபவர்கள், மோரேயைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள்.

பெயர்

பெயரைச் சரியாகச் சொல்வது மரியாதையின் முதல் படி. வாயில் நுழையவில்லை என்று "மேரி" என்றோ "ராஜு" என்றோ நாமே ஒரு பெயரைச் சூட்டிக் கூப்பிடுவது பல கடைகளிலும் அலுவலகங்களிலும் நடக்கிறது. "ழ"கரத்தை உலகம் முழுவதும் தவறாகச் சொல்லும்போது வருந்தும் நாம், "தமிழ்" என்பதைத் "தமில்" என்று கேட்டாலே முகம் சுளிக்கும் நாம், இதைச் செய்யக் கூடாது. ஒருமுறை கேட்டு, தமிழில் எழுதி வைத்துக்கொண்டு, இரண்டு முறை சொல்லிப் பாருங்கள். அவ்வளவுதான் வேலை.

மிசோ மக்களின் பெயர்கள் நமக்கு எளிதில் பிடிபடக்கூடியவை. ஆண் பெயர்கள் பெரும்பாலும் "ஆ" ஒலியிலும், பெண் பெயர்கள் "இ" ஒலியிலும் முடியும். முன்னாள் முதல்வர் சோரம்தங்கா, ஹாக்கி வீராங்கனை லால்ரெம்சியாமி ஆகிய இரு பெயர்களையும் சொல்லிப் பார்த்தால் விளங்கும். அவர்களில் பலருக்கு நம்மைப் போலவே குடும்பப் பெயர் கிடையாது. படிவங்களில் "குடும்பப் பெயர்" என்ற கட்டத்தின் முன் அப்பா பெயரை எழுதுவதா, தன் பெயரையே வெட்டி எழுதுவதா என்று தமிழர் விழிப்பதுபோலவே அவர்களும் விழிப்பார்கள். மணிப்பூரின் பளுதூக்கும் வீராங்கனை சைகோம் மீராபாய் சானுவின் பெயரில் குடும்பப் பெயர் முன்னால் இருக்கும் சைகோம். "சானு" என்பது மெய்தெய்ப் பெண்களின் பெயரோடு சேர்ந்து வருவது. மேரி கோமின் பெயரில் உள்ள "கோம்" அவருடைய பழங்குடியின் பெயர். காசி மக்களிடையே பிள்ளைகளுக்குத் தாயின் குலப்பெயரே வரும். பணியாளர் பதிவேட்டைப் பார்த்துக் கடைசிச் சொல்லால் கூப்பிடுவது எல்லாருக்கும் பொருந்தாது என்பதற்காக இதைச் சொல்கிறேன். "உங்களை எப்படிக் கூப்பிட வேண்டும்?" என்று அவரிடமே கேட்டுவிடுங்கள்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். உணவகத்திலோ அழகு நிலையத்திலோ காவல் பணியிலோ இருப்பவரைக் கண்டதும் "நீ, வா, போ" என்று தொடங்கிவிடுகிறோம். "தமிழ் தெரியாதவருக்கு நீயும் நீங்களும் ஒன்றுதானே" என்று சிலர் சொல்வார்கள். ஆறு மாதம் இங்கே வேலை செய்தவருக்கு, முதலாளியை எப்படி அழைக்கிறார்கள், தன்னை எப்படி அழைக்கிறார்கள் என்ற வேறுபாடு நன்றாகவே தெரியும். தம்பி, அண்ணா, அக்கா, மா என்ற நம் அழைப்புகள் அருமையானவை; "ங்க" சேர்த்து அவற்றையே பயன்படுத்துங்கள்.

விட வேண்டிய சொற்களும் பாராட்டு போலத் தோன்றுபவையும்

"சிங்கி", "சப்பை மூக்கு", "சைனாக்காரன்", "மோமோ" ஆகியவற்றை விட்டே ஆக வேண்டும். இதில் விவாதத்துக்கு இடமில்லை. "நேபாளி" என்பது வசைச் சொல் அன்று. ஒரு மக்களின் பெயர் அது. சிக்கிமிலும் தார்ஜிலிங்கிலும் நேபாளி மொழி பேசும் இந்தியர்கள் வாழ்கிறார்கள், அம்மொழி 1992 முதல் நம் அரசமைப்பின் எட்டாம் அட்டவணையில் இருக்கிறது. ஆனால் கண்ணின் அமைப்பைப் பார்த்து யாரையும் நேபாளி என்று அழைப்பது, அந்தச் சொல்லையும் அந்த மனிதரையும் ஒருசேரச் சிறுமைப்படுத்துகிறது. 2020இல் பெருந்தொற்றுத் தொடங்கியபோது "கொரோனா" என்றே இவர்களைக் கூப்பிட்ட கொடுமையும் நாட்டின் பல நகரங்களில் நடந்தது. அவ்வாறு துன்புறுத்துவோர் மீது நடவடிக்கை எடுக்குமாறு அந்த ஆண்டு மார்ச்சில் மத்திய உள்துறை அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுத வேண்டியிருந்தது.

"விளையாட்டுக்குச் சொன்னோம்" என்று சொல்பவர்கள் 2014 ஜனவரியில் தில்லியில் நடந்ததை நினைத்துப் பார்க்க வேண்டும். நிடோ டானியா என்ற அருணாசலக் கல்லூரி மாணவர், லஜ்பத் நகர்ச் சந்தையில் வழி கேட்கப் போனார். அங்கே அவருடைய தலைமுடியையும் தோற்றத்தையும் கேலி செய்தார்கள். கேலி வாக்குவாதமாகி, வாக்குவாதம் அடியாகி, மறுநாள் அவர் இறந்துபோனார். அதன்பின் அரசு அமைத்த பெஸ்பருவா குழு, இன அடிப்படையிலான இழிசொல்லையும் வன்முறையையும் தண்டிக்கத் தனிச் சட்டப் பிரிவுகள் வேண்டும் என்று அதே ஆண்டில் பரிந்துரைத்தது. இந்தியத் தண்டனைச் சட்டத்தில் அவை சேர்க்கப்படாமலேயே, 2024 ஜூலை 1 அன்று அச்சட்டம் நீங்கிப் புதிய சட்டம் வந்தது. இன்று ஒருவர் துணை தேடக்கூடிய வழிகளுள் முக்கியமானது 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம்; பட்டியல் பழங்குடியைச் சேர்ந்தவரைப் பலர் அறிய வேண்டுமென்றே இழிவுபடுத்தினால் 5 ஆண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. ஆனால் மெய்தெய் மக்களில் பெரும்பாலோரைப் போலப் பட்டியல் சாதியிலோ பட்டியல் பழங்குடியிலோ இல்லாதவர்களை அச்சட்டம் காக்காது. பணியாளர் நலப் பொறுப்பில் இருப்பவர்கள் இந்த இடைவெளியை அறிந்திருக்க வேண்டும். நிறுவனத்தின் சொந்த விதிகளிலேயே இனம், தோற்றம், பிறந்த இடம் குறித்த இழிசொல் ஒழுங்கு நடவடிக்கைக்கு உரியது என்று எழுதி வைத்துவிட வேண்டும்.

இழிசொல்லைத் தவிர்ப்பது எளிது. கடினமானது பாராட்டு. "பார்த்தால் இந்தியர் மாதிரியே இல்லை, கொரியா நடிகை மாதிரி இருக்கீங்க" என்பதைச் சொல்பவர் மனதாரப் பாராட்டுகிறார். கேட்பவருக்கோ முதல் பாதி மட்டுமே காதில் நிற்கிறது. "உங்க ஊர்ப் பொண்ணுங்க என்ன நிறம்!" என்ற வியப்பு இன்னும் ஆழமான சிக்கல். கண்ணைக் கேலி செய்யும் அதே வாய் தோலின் வெளுப்பைப் போற்றுகிறது. பக்கத்தில் நிற்கும் கறுத்த தமிழ்ப் பெண்ணும் அதே சொல்லால் அடிபடுகிறாள். மாநிறம், புதுநிறம் என்று பெண் பார்க்கும்போது சொல்லித் தப்பித்துக்கொள்ளும் சமூகம் நாம். "சிவப்பழகு" விற்ற களிம்புகளின் பெயர் மாறியிருக்கலாம், வீட்டில் குழந்தை பிறந்ததும் "என்ன நிறம்?" என்ற கேள்வி மாறவில்லை. தோலின் நிறத்தைப் பாராட்டாகவும் சொல்லாமல் இருக்க முயன்று பாருங்கள். ஒரு வாரத்தில், நாம் எத்தனை முறை அதைச் சொல்ல வாயெடுக்கிறோம் என்பது தெரியும். பாராட்ட விரும்பினால் அவர் செய்த வேலையைப் பாராட்டுங்கள், கற்றுக்கொண்ட தமிழைப் பாராட்டுங்கள். தமிழைப் பாராட்டுவதைக்கூட, பத்தாண்டுகளாக இங்கே வாழ்பவரிடம் ஒவ்வொரு முறையும் செய்ய வேண்டாம்.

குழந்தை கேட்டால்

"அம்மா, அந்த அண்ணாவுக்கு ஏன் கண்ணு சின்னதா இருக்கு?" என்று குழந்தை உரக்கக் கேட்டுவிடும். உடனே நாம் வாயைப் பொத்துகிறோம், அல்லது தொடையில் கிள்ளுகிறோம். கிள்ளு வாங்கிய குழந்தை என்ன கற்றுக்கொள்கிறது? அந்த அண்ணாவின் கண்ணில் ஏதோ தவறு இருக்கிறது, அதைச் சத்தமாகச் சொல்லக் கூடாது என்பதைத்தான். கேள்வியில் வெறுப்பு இல்லை. குழந்தை பார்த்ததைக் கேட்கிறது. அதே இடத்தில், அதே குரலில் பதில் சொல்லுங்கள்: "சின்னது இல்லைம்மா, இமை மடிப்பு நமக்கு ஒரு மாதிரி இருக்கு, அண்ணாவுக்கு வேற மாதிரி இருக்கு. உனக்குத் தாத்தா மூக்கு வந்த மாதிரி, அவருக்கு அவங்க அம்மா அப்பாகிட்ட இருந்து வந்திருக்கு." அந்த அண்ணா கேட்டுவிட்டால், அவரைப் பார்த்துப் புன்னகைத்து, குழந்தையை வணக்கம் சொல்லச் சொல்லுங்கள்.

சற்று வளர்ந்த பிள்ளைகளுக்கு இன்னும் கொஞ்சம் சொல்லலாம். மனிதரிடையே உள்ள மரபணு வேறுபாட்டில் பெரும்பகுதி ஒவ்வொரு மக்கள் கூட்டத்துக்கு உள்ளேயே இருக்கிறது என்பதை 1972இலேயே ரிச்சர்ட் லெவான்டின் என்ற உயிரியலாளர் கணக்கிட்டுக் காட்டினார். அவருடைய கணக்கில் அது ஏறத்தாழ 85 சதவீதம். இந்தியர் எல்லாருக்கும் ஒரே முகம் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். வகுப்பில் யாராவது கண்ணை இழுத்துக் காட்டி நடித்தால், அதைப் பார்த்துச் சிரிக்காமல் இருப்பதும், பிறகு அந்தத் தோழனின் பக்கத்தில் போய் உட்காருவதும் ஒரு பிள்ளையால் செய்ய முடிந்தவை.

வாடகை, சமையல், வதந்தி

வீடு கொடுக்கும்போது "அவர்கள் சமைத்தால் நாறும்" என்ற பேச்சு வந்துவிடும். மணிப்பூரின் ஙாரி புளிக்கவைத்த மீன். நாகாலாந்தின் அகுனி புளிக்கவைத்த சோயா. 2007இல் தில்லிக் காவல்துறை வடகிழக்கு மாணவர்களுக்காக வெளியிட்ட கையேடு ஒன்று, அகுனி போன்றவற்றைச் சமைக்கும்போது அக்கம்பக்கத்தாருக்குத் தொந்தரவு வராமல் பார்த்துக்கொள்ளும்படி அறிவுறுத்தி, பெரும் கண்டனத்துக்கு ஆளானது. நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு கொதிக்கும் தெருக்களில் வளர்ந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வீட்டு உரிமையாளருக்குக் காற்றோட்டம் பற்றிக் கவலை இருந்தால், புகைபோக்கி விசிறியைப் பற்றி எல்லாக் குடித்தனக்காரரிடமும் பேசுவதைப் போலவே பேசட்டும்.

வதந்தி வரும் காலத்தில்தான் அன்றாடப் பேச்சு எவ்வளவு முக்கியம் என்பது தெரியும். 2012 ஆகஸ்டில், அசாமின் கொக்ரஜார் பகுதியில் நடந்த கலவரத்தை ஒட்டிக் குறுஞ்செய்திகளில் பரவிய மிரட்டல்களை நம்பி, பெங்களூரிலிருந்தும் சென்னை, புணே போன்ற நகரங்களிலிருந்தும் ஆயிரக்கணக்கான வடகிழக்கு மக்கள் இரயிலேறினார்கள். மொத்தமாகக் குறுஞ்செய்தி அனுப்புவதற்கு அரசு சில நாட்கள் தடை விதித்தது. 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரவி, காவல்துறை மறுத்து வழக்குப் பதிய வேண்டியிருந்தது. இப்படிப்பட்ட நாட்களில், உங்கள் தெருவிலோ பட்டறையிலோ இருப்பவரிடம் நேரில் போய், "இங்கே ஒன்றும் இல்லை, ஏதாவது என்றால் என்னைக் கூப்பிடுங்கள்" என்று சொல்லி, கைபேசி எண்ணைக் கொடுங்கள். அதற்கு முன்பே அவருடைய பெயர் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பிறர் சொல்லும்போதும், நாமே தவறும்போதும்

நண்பர் ஒருவர் உங்கள் முன் இழிசொல்லைப் பயன்படுத்தினால், பெரிய சொற்பொழிவு வேண்டாம். "அவர் பேர் இருக்கே, பேரைச் சொல்லேன்" என்ற ஒரு வாக்கியம் போதும். பெரியவர்களிடம் தனியாகச் சொல்லுங்கள். சபையில் திருத்தினால் அவர்கள் சொல்லை விட்டுவிட்டு மானத்தைக் காக்கத் தொடங்கிவிடுவார்கள். ஆனால் பாதிக்கப்பட்டவர் எதிரிலேயே சொல்லப்பட்டிருந்தால், மறுப்பும் அவர் எதிரிலேயே வர வேண்டும். நாம் பிறகு தனியாகக் கண்டித்தது அவருக்குத் தெரியப்போவதில்லை.

என் தவறையும் சொல்ல வேண்டும். மணிப்பூரில் 2023 மே 3 அன்று மெய்தெய், குக்கி மக்களிடையே மோதல் வெடித்தபோது, என் வகுப்பில் அம்மாநில மாணவி ஒருவர் இருந்தார். அடுத்த வாரம் நல்லெண்ணத்தோடுதான், ஐம்பது பேர் முன்னால் அவரை எழுப்பி, "உங்கள் ஊரில் என்னதான் நடக்கிறது, எல்லாருக்கும் சொல்லுங்கள்" என்றேன். அவர் எந்தப் பக்கத்தைச் சேர்ந்தவர் என்றுகூட எனக்குத் தெரியாது. அதே கல்லூரியில் மறுபக்கத்தைச் சேர்ந்தவர்களும் படிக்கிறார்கள் என்பதையும் நான் எண்ணவில்லை. ஒரு தனி மனிதரை ஒரு மாநிலத்தின் சாட்சியாக்கிக் கூண்டில் நிறுத்திவிட்டேன். அவர் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, "தெரியவில்லை மேடம்" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

மன்னிப்புக் கேட்பதற்கு ஒரு முறை உண்டு. செய்த தவற்றைப் பெயர் சொல்லிச் சொல்ல வேண்டும். "நான் நினைத்தது அதில்லை" என்று நம் மனத்தை விளக்கத் தொடங்கக் கூடாது. ஏனென்றால் அதன்பின் ஆறுதல் சொல்லும் வேலையும் அவர் தலையில் விழுந்துவிடும். மறுநாள் அந்த மாணவியை நூலக வாசலில் பார்த்து, "வகுப்பில் உங்களை எழுப்பி அப்படிக் கேட்டது தவறு, மன்னித்துவிடுங்கள். இனிக் கேட்க மாட்டேன்" என்றேன். சிறிது நேரம் பேசாமல் நின்றார். பிறகு, இணையம் துண்டிக்கப்பட்டிருப்பதால் தம்பியின் முகத்தைக் கைபேசியில் பார்த்து எட்டு நாட்கள் ஆகின்றன என்றும், குரலை மட்டும் கேட்க முடிகிறது என்றும் சொன்னார். தம்பியின் பெயர் என்ன என்று கேட்டேன், சொன்னார். சரியாகத்தான் உச்சரிக்கிறேனா என்று திரும்பக் கேட்டேன். இரண்டாவது எழுத்தை மட்டும் திருத்தினார்.